9,400 டாலர் போச்சு: ரேஸ் இன்ஜின் கட்டக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

9,400 டாலர். இந்த எண் இந்தப் பதிவில் திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாகப் பல் தேய்க்கும்போதுகூட இதுதான் வாயில் வருகிறது.

இன்ஜின் கட்டக் கொடுக்கிறவர்களுக்குப் பத்து யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன். யோசனை அப்புறம்.

நான் இருப்பது மிச்சிகனில், கேன்டன் பக்கம். இங்கே இருக்கும் தமிழர்கள் நிறையப் பேரைப் போல எனக்கும் கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் இடத்தில்தான் வேலை. வாரம் முழுக்கக் கணினியில் சீட் ரெயில் வரைவேன். சனி, ஞாயிறு கராஜில் என் 1971 செவர்லே (சுருக்கமாகச் செவி) நோவா காரோடு கிடப்பேன். 1969 கமாரோ, செவெல் எஸ்.எஸ். எல்லாம் என் சம்பளத்துக்கு எட்டாத விலைக்குப் போய் வெகுநாள் ஆகிறது. நோவா அப்படியில்லை. 1968இல் வந்த உருமாற்றத்திலிருந்து அதன் முன்பக்க சப்ஃபிரேம் (இன்ஜினைத் தாங்கும் அடிச்சட்டம்) கமாரோவுடைய சொந்தக்காரன்தான். பாகங்கள் தட்டில்லாமல் கிடைக்கும். ஏழை வீட்டுக் கமாரோ என்று நானே சொல்லிக்கொள்வேன்.

வாங்கும்போது அதில் களைத்துப்போன ஒரு 350 கன அங்குல இன்ஜின் இருந்தது. இரண்டு கார் நேர்கோட்டில் மோதும் டிராக் ரேஸின் தூரமான கால் மைல், அதாவது 1,320 அடியை 13.6 விநாடியில் ஓடும். இரண்டு வருடம் அதோடு திருப்தியாகத்தான் இருந்தேன். ஒருநாள் ரேஸில் பக்கத்து லேனில் ஒரு மினிவேன் என்னை முந்திக்கொண்டு போனது. மின்சார மினிவேன்கூட இல்லை, டர்போ மாட்டிய பழைய மினிவேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

செவி ஆட்களின் பழைய வித்தை 383. 350 பிளாக்கின் 4 அங்குல போரை (சிலிண்டர் விட்டம்) 30 தௌ, அதாவது 0.030 அங்குலம் பெரிதாக்கி, 400 இன்ஜினுடைய 3.75 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கிராங்கை உள்ளே போட்டால் 383 கன அங்குலம். வெளியே பார்த்தால் அதே 350, உள்ளே வேறு ஆள். அதற்கு மேல் 100 குதிரைத்திறனுக்கு நைட்ரஸ் (இன்ஜினுக்குக் கூடுதல் வேகம் தரும் வாயு) அடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கணக்கு 11.50 விநாடி. அதற்கு மேல் பேராசை இல்லை, ஏனென்றால் என்.எச்.ஆர்.ஏ. (அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம்) விதிப்படி 11.49க்குப் போனாலே ரோல் பார், அதாவது கார் உருண்டால் காப்பாற்றும் இரும்புக் குழாய் போட வேண்டும். என் மகள் பின்சீட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் கடைக்கு வருகிற கார் அது.

நைட்ரஸ் அடித்தால் சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும் ஒரே நொடியில் எகிறும். அதனால் உள்ளே கிராங்கும் பிஸ்டனும் ஃபோர்ஜ்டாக இருக்க வேண்டும், அதாவது சூடாக்கி அடித்து உருவாக்கியதாக. உருக்கி அச்சில் ஊற்றிய காஸ்ட் கிராங்க், சிலிக்கான் கூடுதலாகக் கலந்து வார்த்த ஹைப்பர்யூடெக்டிக் பிஸ்டன் எல்லாம் நைட்ரஸ் இல்லாமல் தெருவில் ஓட்ட நல்லதுதான், விலையும் குறைவு. ஆனால் அந்த பிஸ்டன் நைட்ரஸ் அடியைத் தாங்குவது கஷ்டம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன், விஷயம் இன்னும் முடியவில்லை. டெட்ராய்ட்டைச் சுற்றி இருக்கும் இன்ஜின் மெஷின் ஷாப்களில் ஒன்று. போர் போடுவது, கிராங்க் கடைவது, ஹெட் தட்டுவது, முழு இன்ஜின் கட்டித் தருவது என்று எல்லாம் செய்கிற சின்ன இடம். சுவர் முழுக்க வாடிக்கையாளர்களின் டைம் சிலிப்புகள், அதாவது ரேஸில் ஓடிய நேரம் அச்சிட்ட சீட்டுகள். உள்ளே நுழைந்ததுமே கட்டிங் ஆயிலும் இரும்புத்தூளும் கலந்த அந்த வாசனை. எனக்குச் சொந்த ஊர் சங்ககிரி. அப்பா லாரி வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறையில் பாதி நாள் லேத் பட்டறையில்தான் கழிந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பாதிப் புத்தி போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

மீதிப் புத்தியை ஒரு போர் கேஜ் (சிலிண்டர் விட்டம் அளக்கும் கருவி) வாங்கிக்கொண்டது. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். என் பிளாக்கை எடுத்துப்போய்க் கொடுத்திருந்தேன்; 3970010 வார்ப்பு எண் போட்ட பிளாக், இங்கே எல்லோரும் 010 பிளாக் என்பார்கள். போரிங், ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கடைசியாகத் தேய்த்துச் சீராக்குவது) முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். கேஜைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்து, நீயே அளந்து பார் என்றார். எட்டு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று அளந்தேன். எல்லாம் 4.030, முள் ஆடவே இல்லை. நான் அளக்கிற நேரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. வாடிக்கையாளர் கையில் கேஜைக் கொடுக்கிற ஆள் எதையாவது மறைப்பானா என்று நினைத்தேன். அந்தப் போர் உண்மையிலேயே சுத்தம். இப்போதும் சொல்கிறேன், அவ்வளவு நல்ல ஹோனிங் நான் பார்த்ததில்லை. வேலை தெரியாதவன் ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அந்தச் சந்தோஷத்தில் அவர் கடையின் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் மூன்று தவணை. அக்டோபரில் முன்பணம் 4,000. ஜனவரியில் 'பாகங்கள் வந்துவிட்டன' என்று 3,000. எடுக்கும்போது 2,400. ஆக 9,400. வீட்டுக் கூரைக்கு ஷிங்கிள் மாற்ற வைத்திருந்த பணம். கிரெடிட் கார்டு தந்தால் 3 சதவீதம் கூடுதல், வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பினால் அது இல்லை என்றார். சரி, 282 டாலர் மிச்சம் என்று நேராகவே அனுப்பினேன். 282 டாலர்! கார்டில் கொடுத்திருந்தால் இன்றைக்கு வங்கிக்காரன் எனக்காகச் சண்டை போட்டிருப்பான்.

பிப்ரவரியில் தருகிறேன் என்றது மே கடைசியில் வந்தது. நடுவில் கிராங்க் வரத் தாமதம், பேலன்ஸ் செய்கிற ஆளுக்கு முதுகுவலி, டைனோ (இன்ஜின் திறனை அளக்கும் மெஷின்) காலியில்லை என்று ஒவ்வொரு மாதமும் ஒன்று. மிச்சிகன் பனிக்காலத்தில் சாலையெல்லாம் உப்பு. எப்படியும் கார் வெளியே வராது என்பதால் நானும் அவசரப்படவில்லை.

இனி என் முட்டாள்தனம். கிராங்கின் பின்முனையில் பூட்டும் தட்டுக்குப் பெயர் ஃப்ளெக்ஸ் பிளேட். 350இல் இருப்பது கூடுதல் எடை எதுவும் இல்லாத பிளேட். 400 கிராங்கோ வெளிப்புறத்தில் பேலன்ஸ் ஆவது. ஃப்ளெக்ஸ் பிளேட்டில் ஒரு எடைத்துண்டை வெல்டு செய்திருப்பார்கள், முன்பக்க பேலன்சரிலும் ஒரு பக்கம் எடை கூடுதலாக இருக்கும். மலிவான 383 காஸ்ட் கிராங்குகள் பெரும்பாலும் இந்த வகைதான். எனக்குப் பேசியது ஃபோர்ஜ்டு கிராங்க், உள்ளேயே பேலன்ஸ் செய்தது. இன்ஜினோடு எனக்குத் தந்தது எடைத்துண்டு வெல்டு செய்த ஃப்ளெக்ஸ் பிளேட். அதை என் கையாலேயே ஆறு போல்ட் போட்டு முடுக்கினேன். அந்த எடைத்துண்டைக் கட்டைவிரலால் தடவிக்கூடப் பார்த்தேன். போன் செய்து கேட்டேன். 'இந்த கிராங்குக்கு அப்படித்தான் செய்வோம், இன்னும் ஸ்மூத்தாக இருக்கும்' என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை. கலமசூவுக்கும் கிராண்ட் ராபிட்ஸுக்கும் நடுவே மார்ட்டின் என்ற ஊரில் இருக்கும் ட்ராக்குக்கு ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனேன். நைட்ரஸ் இல்லாமல் முதல் ஓட்டம் 12.21. இரண்டாவது 12.08. நோவா இப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதுக்கு பாட்டிலைத் திறந்தேன். அவசரக் குடுக்கை வேலை எதுவும் செய்யவில்லை, எல்லாம் முறைப்படிதான். டைமிங்கை 34 டிகிரியிலிருந்து 30க்குக் குறைத்திருந்தேன், பிளக்கும் ஒரு படி குளிர்ந்தது, பெட்ரோல் 93 ஆக்டேன். தண்ணீரில் டயரைச் சுற்றிப் புகைவிட்டு, லைனில் நின்றேன். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை. முதுகை யாரோ எட்டி உதைத்தது மாதிரி இருந்தது. ஆயிரம் அடி பலகை வருகிற நேரத்தில் அந்த உதை சட்டென்று நின்றுபோனது. கண்ணாடியில் பின்னால் நீலப்புகை. பிரீதர் (இன்ஜினின் காற்றுப்போக்கி) வழியாக ஆயில் பீய்ச்சி அடித்திருக்கிறது.

ட்ராக்கில் ஆயில் கொட்டுவது எவ்வளவு பெரிய பாவம் என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியும். மொத்த ஓட்டமும் நிற்கும். முக்கால் மணி நேரம் ஆட்கள் பொடி போட்டுத் துடைத்தார்கள், லைனில் காத்திருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. ஒரு ஆள் வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

ட்ராக்கில் பழக்கமான பெரியவர் ஒருவர் உண்டு. ஃபோர்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், செவி இன்ஜினைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்று கேலி செய்கிறவர். அவர்தான் என் கராஜுக்கு வந்து கூடவே நின்று பிரித்தார். 7ஆம் சிலிண்டரில் கம்ப்ரஷன் பூஜ்யம். ஹெட்டைத் தூக்கினால் பிஸ்டன் தலையில் ஒரு ஓரம் இல்லை. நகம் கடித்துத் துப்பியது மாதிரி ஒரு பிறை காணோம். சிலிண்டர் சுவரில் விரல்நுனி நுழைகிற அளவுக்குக் கீறல். அவ்வளவு அழகாக ஹோன் செய்த சுவர்.

பெரியவர் பிஸ்டனின் மேல் ரிங்கை எடுத்து அதன் இரண்டு முனைகளையும் விளக்கடியில் காட்டினார். இரண்டும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. சூட்டில் ரிங் நீண்டு, இடைவெளி போதாமல் முனையும் முனையும் முட்டி, போக இடமில்லாமல் பிஸ்டன் தலையையே பிய்த்துக்கொண்டு கிளம்பியிருக்கிறது. பிஸ்டன் உடைந்த இடம் கற்கண்டை உடைத்தது மாதிரிப் பொடிப்பொடியாக மின்னியது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் இப்படி உடையாது என்றார். உள்பக்கம் திருப்பினால் அச்சில் வார்த்த எழுத்துகள்.

அப்புறம் ஆயில் பேனைக் கழற்றினோம். கிராங்கின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டினார். நூல் மாதிரி ஒரு கோடு. அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் காஸ்ட் கிராங்கில் அப்படித்தான் மெல்லிய கோடு இருக்கும். ஃபோர்ஜ்டு என்றால் அந்த இடத்தில் அகலமான பட்டை, சுண்டுவிரல் அகலத்துக்குச் சாணை பிடித்த தடம் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து என் நகத்தையும் ஒருமுறை அதன் மேல் ஓட்டிவிட்டார்.

இதற்கு மேல் அந்தக் கடைக்காரனுக்கு 'அவர்' போட எனக்கு மனசில்லை.

திங்கட்கிழமை காலை போன் செய்தேன். 'லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓட்டியிருப்பாய்' என்றான். காற்று எரிபொருள் விகிதம் பதிவாகிற கருவி என் காரில் இருக்கிறது; அந்த ஓட்டம் முழுக்க 11.6ஐ ஒட்டியே, அதாவது பெட்ரோல் தாராளமாகவே இருந்த பதிவை அனுப்பினேன். 'அப்படியானால் கேமை (வால்வைத் திறக்கும் தண்டு) ஒழுங்காகப் பிரேக்-இன் செய்யவில்லை, முதலில் ஓட்டிப் பதப்படுத்தவில்லை' என்றான். அது ரோலர் கேம், அதை அவனே தேர்ந்தெடுத்துப் போட்டிருந்தான். ஃப்ளாட் டேப்பட் கேமுக்குச் சொல்கிற சாக்கை ரோலர் கேமுக்குச் சொல்கிறான்! அதுவும் உடைந்தது பிஸ்டன், கேம் அல்ல.

செவ்வாய்க்கிழமை கிராங்கின் படத்தை அனுப்பினேன். சப்ளையர் பெட்டி மாற்றி அனுப்பியிருக்கலாம், விசாரிக்கிறேன் என்று பதில். இத்தனை வருடம் கிராங்க் கடைகிறவனுக்குப் பெட்டிக்குள் இருப்பது காஸ்டா ஃபோர்ஜ்டா என்று பார்த்ததும் தெரியாதாம். புதன்கிழமை பேச்சு மாறியது: 'ஃபோர்ஜ்டு என்று நான் எங்கே எழுதிக் கொடுத்தேன்?' என்றான். ரசீதை எடுத்துப் பார்த்தேன். '383 சுழலும் பாகங்கள் முழு செட்' என்று மட்டும் இருக்கிறது. முதல் நாள் அவன் பலகையில் எழுதிக் காட்டிய 4340 (இது எஃகு ரகத்தின் எண்) ஃபோர்ஜ்டு கிராங்க், ஃபோர்ஜ்டு பிஸ்டன் என்ற வரிகள் ரசீதுக்கு வரவே இல்லை. நான் கவனிக்கவும் இல்லை. 'ரேஸ் இன்ஜினுக்கு வாரன்டி இல்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், படிக்கவில்லையா?' என்றான். கடைசி வரி அதுதான். அதற்குப் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டான்.

வியாழக்கிழமை லீவு போட்டு நேரில் போனேன். முன்னால் இருந்த பெண் அவர் கார் ஷோவுக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றாள். அவனுடைய பிக்கப் வெளியே நிற்கிறது. உள்ளே ஹோனிங் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஒரு மணி நேரம் நின்றேன். மெஷின் நின்றது, யாரும் வெளியே வரவில்லை.

வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "கூட்டும்போது பக்கத்துல உக்காந்திருந்தியா கண்ணு?" என்றார். "இல்லீங்கப்பா." சங்ககிரியில் அவர் லாரி இன்ஜினைப் பட்டறையில் பிரித்தால், திரும்பப் பூட்டி ஸ்டார்ட் பண்ணுகிற வரைக்கும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாடு தூக்குச்சட்டியில் நான்தான் கொண்டுபோவேன். அப்போதெல்லாம் எனக்கு அது கௌரவக் குறைச்சலாக இருக்கும், அடுத்தவனை நம்பாத மனுஷன் என்று. "ஸ்லீவ் அடிச்சா பிளாக்கு பொழைச்சுக்கும்" என்று, கீறிய சிலிண்டருக்குள் புதுக் குழாய் செருகுவதைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

மனைவி இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், "ஏங்க, மழை வந்தா அந்த பிஸ்டனை வச்சுக் கூரை ஓட்டையை அடைச்சிரலாங்களா?" என்றாள்.

இனி சட்டம். மிச்சிகனில் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் அதிகபட்சம் 7,000 டாலர்தான் கேட்க முடியும். வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும், நீதிபதி தரும் தீர்ப்பு சரியில்லை என்றால் மேல்முறையீடும் கிடையாது. என்னுடையது 9,400. அங்கே போனால் 2,400ஐ விட்டுக்கொடுக்க வேண்டும். அதாவது கடைசித் தவணை அவனுக்குத் தானம். முழுத் தொகையும் வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் சாதாரண சிவில் வழக்கு. அதற்கு வக்கீல் வைத்தால் அவர் கட்டணமே அந்த 2,400ஐத் தின்றுவிடும். இரண்டு நாளாகப் பென்சிலும் பேப்பருமாக இதே கணக்குதான். 7,000க்கே போடலாம் என்று இருக்கிறேன். வாகனப் பழுது பார்க்கும் கடைகள் பற்றி மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம் என்பதால் அங்கேயும் ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த வாட்ஸ்அப் படம். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், என் தோளுக்குப் பின்னால் பலகையில் அவன் கையெழுத்தில் '4340' என்பது தெளிவாகத் தெரிகிறது. அதற்கு அடுத்த வார்த்தையை என் காது மறைக்கிறது.

சரி, யோசனை. பத்து என்று சொன்னேன், இப்போது எழுதப் பொறுமை இல்லை. ரசீதில் பாகத்தின் எண் வேண்டும், கிராங்குக்கும் தனியாக, பிஸ்டனுக்கும் தனியாக. 'செட்' என்று எழுதினால் வாங்காதீர்கள். பெட்டி வந்துவிட்டது என்று பணம் கேட்டால், பூட்டுவதற்கு முன்னால் நேரில் போய் கிராங்கின் அந்தக் கோட்டைப் படமெடுங்கள், பிஸ்டனைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கார்டில் கொடுங்கள், 3 சதவீதம் போனால் போகிறது. ஃப்ளெக்ஸ் பிளேட்டில் எடை இருந்தால் ஏன் என்று கேளுங்கள், பதில் பிடிக்கவில்லை என்றால் பூட்டாதீர்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு ஞாபகம் வருகிறது.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் நடக்கும் உட்வர்ட் பழைய கார் ஊர்வலத்துக்கு என் நோவா வராது. வருகிறவர்கள் என்னைத் தேட வேண்டாம். பக்கத்தில் யாரிடமாவது 010 பிளாக் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். நான்கு போல்ட் மெயினாக (கிராங்கைப் பிடிக்கும் மூடிக்கு நான்கு போல்ட்) இருந்தால் நல்லது, இரண்டு போல்ட் என்றாலும் பரவாயில்லை. விரிசல் சோதனையை என் கண்முன்னால் செய்த பிறகுதான் பணம். ஸ்டூல் நானே கொண்டுவருகிறேன்.